ராகேஷ் சர்மாவும் நான் போட்ட ஒரு பூஜ்ஜியமும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1990களின் நடுவில், நான் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பொது அறிவுப் போட்டி வைத்தோம். கேள்வித்தாள் தயாரித்தது நான்தான். கடைசிக் கேள்வி: "விண்வெளிப் பயணத்துக்காக ரஷ்யாவில் பயிற்சி பெற்ற இந்திய விமானப்படை வீரர் யார்?" எல்லோரும் ராகேஷ் சர்மா என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் ரவீஷ் மல்ஹோத்ரா என்று எழுதியிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை. சிவப்பு மையில் பூஜ்ஜியம் போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு வரவேண்டிய முதல் பரிசு போய்விட்டது. பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு. அவள் அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். விமானம், ராக்கெட் என்று எது வந்தாலும் வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பாராம். அந்தத் துண்டுப் படத்தில் இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள்.

"சார், ரெண்டு பேருமே பயிற்சி எடுத்தாங்க சார். போனது ஒருத்தர். போனவர் யாருன்னு நீங்க கேக்கலையே, பயிற்சி எடுத்தவர் யாருன்னுதானே கேட்டீங்க?"

அவள் சொன்னது முழுக்க சரி. ஆனால் பரிசு கொடுத்து முடித்தாகிவிட்டது. தலைமையாசிரியரிடம் போய் என் கேள்வியே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சரிம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அவர்கள் வீடு மாறிப் போனார்கள்.

இத்தனைக்கும் 1984ல் அந்தச் செய்தியை நானே தினமும் படித்தவன். அப்போது எனக்கு 21 வயது. காலையில் திருநின்றவூரில் ரயில் ஏறினால், ஆவடியில் வேலைக்கு இறங்குகிறவர்கள் தினத்தந்தியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்துப் படிப்பார்கள். ஏப்ரல் முதல் வாரம் முழுக்க ராகேஷ் சர்மா பேச்சுதான். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி இருந்தது. பிரதமர் இந்திரா காந்தி அவரோடு பேசியதை அந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் நின்று பார்த்தோம். மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று அவர் கேட்டதற்கு, கவிஞர் இக்பாலின் பாட்டு வரியையே ராகேஷ் சர்மா பதிலாகச் சொன்னார். எங்களில் பாதிப் பேருக்கு இந்தி தெரியாது. ஆனாலும் கை தட்டினோம்.

அந்தப் பயணத்தின் வரலாறு இதுதான்.

சோவியத் யூனியன் தன் நட்பு நாடுகளின் வீரர்களைத் தன் விண்கலத்தில் அழைத்துப் போகும் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. அதில் இந்தியாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. 1982ல் விமானப்படை விமானிகளிலிருந்து வடிகட்டி இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மா. இன்னொருவர் விங் கமாண்டர் ரவீஷ் மல்ஹோத்ரா. பதவியில் மல்ஹோத்ராதான் மூத்தவர். இருவரும் சோதனை விமானிகள். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் நட்சத்திர நகரம் என்று ஒரு பயிற்சி மையம் உண்டு. இருவரும் அங்கே போய் முதலில் ரஷ்ய மொழி கற்றார்கள். பிறகு அந்த மொழியிலேயே பாடம், அந்த மொழியிலேயே பயிற்சி.

இடம் ஒன்றுதான் என்றால் ஏன் இருவர்? பிள்ளைகள் உடனே கேட்கிற கேள்வி இது. புறப்படுகிற வாரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம், கால் சுளுக்கலாம். அதற்காகப் பல வருட வேலையை நிறுத்த முடியாது. அதனால் இன்னொருவர் அதே அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் ஆபத்துக்கு உதவும் என்று கூப்பிட்டு வைத்திருக்கும் ஆள் மாதிரி அரைகுறைத் தயாரிப்பு இதில் செல்லாது. ஒரே பாடம், ஒரே பயிற்சி, ஒரே தேர்வு. கடைசி நாள்வரை இருவருமே போகக்கூடியவர்கள்.

1984 ஏப்ரல் 3ஆம் தேதி, கஜகஸ்தானில் இருக்கும் பைகானூரிலிருந்து சோயூஸ் டி-11 கிளம்பியது. உள்ளே யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெகலோவ், ராகேஷ் சர்மா. சல்யூட் 7 விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள். மேலிருந்து இந்திய நிலப்பரப்பைப் படம் எடுத்தது, எடையில்லாத நிலையில் யோகா செய்தால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்த்தது எல்லாம் அங்கேதான். மொத்தம் 7 நாள் 21 மணி 40 நிமிடம். ஏப்ரல் 11 அன்று வேறொரு கலத்தில், சோயூஸ் டி-10ல் ஏறித் திரும்பினார்கள். மூவருக்குமே இந்தியா அசோக சக்கர விருது கொடுத்தது. தரையில் நின்ற மல்ஹோத்ராவுக்குக் கீர்த்தி சக்கரம் கொடுத்தது.

அரசாங்கம் அவரை மறக்கவில்லை. மறந்தது என் கேள்வித்தாள். முப்பது வருடத்துக்கு மேல் நான் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகவே நடத்தினேன். "இந்தியாவின் முதல் விண்வெளி வீரர்?" "ராகேஷ் சர்மா!" அடுத்த கேள்வி.

இதைத் திரும்ப யோசிக்க வைத்தது 2025 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம்.

ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒரு பழைய கரும்பலகை, இரண்டு பாய், பக்கத்து வீட்டம்மா கொடுத்தனுப்பும் சுண்டல். இவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

ஜூன் 25ஆம் தேதி சுபான்ஷு சுக்லா அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து ஆக்சியம் 4 பயணத்தில் கிளம்பினார். மறுநாள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இறங்கினார். அங்கே கால் வைத்த முதல் இந்தியர் அவர். வெந்தயமும் பச்சைப் பயறும் முளைக்க வைத்துப் பார்த்தார். ஜூலை 15 அன்று கலிஃபோர்னியா கடலில் வந்து இறங்கினார். ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு 41 வருடம் கழித்து ஓர் இந்தியர். சுக்லா பிறந்ததே 1985 அக்டோபரில். சர்மா போய்வந்து ஒன்றரை வருடம் கழித்து. இதைச் சொன்னதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அந்த ஞாயிறு நான் உற்சாகமாக நடத்திக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எங்கள் தெருதான். பிளஸ் டூ முடித்தவன். விமானப்படையில் சேர வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன். என்.டி.ஏ. எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வுக்குப் போய், தேர்வாகாமல் திரும்பி வந்திருந்தான். இரண்டு மாதமாக வீட்டை விட்டே அதிகம் வெளியே வரவில்லை. அவன் அம்மாதான் தங்கச்சியைக் கொண்டுவந்து விடும் சாக்கில் அவனை அனுப்பியிருந்தார்.

பாடம் முடிந்ததும் அவன் சொன்னான்: "நல்லா இருந்துச்சு சார். ஆனா எல்லாம் போனவங்க கதைதானே. போகாதவங்களைப் பத்தி யாரு சார் பாடம் நடத்துறாங்க?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அந்தச் செய்தித்தாள் துண்டு ஞாபகம் வந்தது. "அடுத்த வாரம் வா தம்பி, நடத்துறேன்" என்றேன். அந்த ஒரு வாரம் நான்தான் மாணவன். திரும்ப உட்கார்ந்து படித்தேன். அடுத்த ஞாயிறு அவனுக்கும் பிள்ளைகளுக்கும் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் ரவீஷ் மல்ஹோத்ரா. அவர் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, பலரும் கேள்விப்படாத இரண்டு பெயர்கள். பி. ராதாகிருஷ்ணன், என்.சி. பட். இருவரும் இஸ்ரோ விஞ்ஞானிகள். நம் இன்சாட் 1சி செயற்கைக்கோளை அமெரிக்க விண்வெளி ஓடத்தில் ஏற்றி அனுப்புவதாக இருந்தது. கூடவே இஸ்ரோவிலிருந்து ஒருவரும் போகலாம் என்று ஏற்பாடு. அதற்காக 1985ல் இந்த இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். பயணம் 1986 செப்டம்பரில் என்று திட்டம்.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் ஓடம் கிளம்பி 73ஆவது விநாடியில் வானத்திலேயே சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஓடங்கள் இரண்டரை வருடத்துக்கு மேல் பறக்கவில்லை. இன்சாட் 1சி கடைசியில் 1988ல் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் போனது. அதில் மனிதர்களுக்கு இடம் கிடையாது. அந்த இருவரில் யார் போவார் என்கிற கேள்வியே இல்லாமல் போயிற்று.

இங்கே ஒன்றைப் பிள்ளைகளிடம் சொல்ல மறக்காதீர்கள். 1983ல் நம் இன்சாட் 1பி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் விட்டதும் இதே சேலஞ்சர்தான். 1984ல் நாடு முழுக்க ஊர் ஊராக டிவி பரவியதற்கு அந்தச் செயற்கைக்கோள் ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, ஓர் ஆசிரியை. இதை நான் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். சேலஞ்சரில் இறந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப். பள்ளி ஆசிரியை. என்னைப் போலவே சமூக அறிவியல் நடத்தியவர். விண்வெளியிலிருந்து பாடம் நடத்த, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றவர் பார்பரா மார்கன். அவரும் பள்ளி ஆசிரியை. தோழி போன ஓடம் சிதறிய பிறகு, இடாஹோ மாநிலத்தில் தன் சின்ன ஊருக்குத் திரும்பிப் போய் மறுபடி வகுப்பெடுத்தார். 1998ல் நாசா அவரை முழுநேர விண்வெளி வீரராகச் சேர்த்துக்கொண்டது. 2007 ஆகஸ்டில் எண்டெவர் ஓடத்தில் போனார். காத்திருந்தது 21 வருடத்துக்கு மேல்.

ஒரு சின்னப் பையன் கேட்டான்: "அந்த இருபத்தொரு வருஷத்துல அவங்க போகவே இல்லன்னா சார்?" நல்ல கேள்வி. போகாமலே இருந்திருந்தாலும் அவர் நல்ல ஆசிரியையாகத்தான் இருந்திருப்பார் என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

நான்காவது, இன்றைய நால்வர். 2018 சுதந்திர தின உரையில் ககன்யான் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022க்குள் இந்தியரை இந்திய ராக்கெட்டிலேயே அனுப்புவோம் என்றார்கள். அந்தத் தேதி பலமுறை தள்ளிப்போனது. இதற்காகத் தேர்வான நான்கு விமானப்படை விமானிகள் 2020 பிப்ரவரியிலிருந்து 2021 மார்ச் வரை அதே நட்சத்திர நகரத்தில் பயிற்சி எடுத்தார்கள். கொரோனா காலம். அவர்கள் யார் என்று நாட்டுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில்தான் பெயர்களை அறிவித்தார்கள். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா.

இதில் அஜித் கிருஷ்ணன் 1982ல் சென்னையில் பிறந்தவர். விமானப்படை அகாடமியில் குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கமும் கௌரவ வாளும் வாங்கியவர். பாலக்காட்டுக்காரரான பிரசாந்த் நாயர், நம் தாம்பரத்தில் இருக்கும் விமானப் பயிற்றுநர் பள்ளியில் படித்தவர். இருவரும் நீலகிரியில் வெலிங்டன் ராணுவக் கல்லூரியிலும் படித்திருக்கிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது குன்னூர். ராகேஷ் சர்மா ஓய்வுக்குப் பிறகு குடியேறிய ஊர் அதுதான்.

ஆக்சியம் பயணத்துக்கு சுக்லா போனார் அல்லவா? அவருக்கு மாற்றாக அமெரிக்காவில் முழுப் பயிற்சியும் எடுத்துத் தரையில் நின்றவர் பிரசாந்த் நாயர். 1984ல் பதவியில் மூத்த மல்ஹோத்ரா நின்றார், சர்மா போனார். 2025லும் மூத்தவர் நின்றார், இளையவர் போனார். ஓய்வு பெற்ற எனக்கே இது எளிதான காரியமாகத் தெரியவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஜூனியருக்கு முதலில் புரமோஷன் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நிற்கிறவரும் கடைசி நிமிடம்வரை போகிறவருக்கு உதவியாக இருந்தால்தான் பயணமே நடக்கும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. நான் கடைசியாக நம் ஊர்க் கதையைச் சொன்னேன்.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சுருக்கமாக: கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. அதனால் மனதுக்குள்ளேயே கட்டினார். வேலை அரைகுறை இல்லை. மரம், கல், தச்சர்கள், மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாக முறைப்படி செய்தார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்கு வைத்திருந்தான். சிவன் கனவில் வந்து, "நாளை நான் திருநின்றவூருக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றாராம். மன்னன் தேடி வந்து கேட்டால், அப்படி ஒரு கோயிலை ஊரில் யாருமே பார்த்ததில்லை. பெரியபுராணம் சொல்லும் கதை இது. இன்றைக்கு இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது, வந்தால் பாருங்கள்.

இதை நான் பக்திக் கதையாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மாற்று வீரர் தரையில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பயிற்சிக் கூண்டில் உட்கார்ந்து கிளம்புவது, நிலையத்தோடு சேர்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது, திரும்பி வருவது என்று எல்லாவற்றையும் பலமுறை செய்து முடிக்கிறார். அந்த வேலையில் குறை எதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் அனுபவத்திலிருந்து மூன்று யோசனைகள்.

ஒன்று: இப்போதெல்லாம் கரும்பலகையில் மூன்று பத்தி போடுகிறேன். போனவர், தயாராக நின்றவர், அனுப்பி வைத்தவர்கள். மூன்றாவது பத்திதான் நிறைந்து வழியும். திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் ககன்யான் எஞ்சின்களைச் சோதிப்பவர்கள், மைசூரில் விண்வெளி உணவு தயாரிப்பவர்கள், கடலில் விழும் கூண்டை மீட்கும் கடற்படை நீச்சல் வீரர்கள். தமிழ்வழியில் படித்து வந்த இஸ்ரோ தலைவர் நாராயணனும் அதில்தான் வருவார்.

இரண்டு: கல்பனா சாவ்லா, சுனிதா வில்லியம்ஸ் பெயர்களைப் பிள்ளைகள் கட்டாயம் சொல்வார்கள். அதட்டாதீர்கள். கல்பனா ஹரியானாவில் கர்னாலில் பிறந்து, பின்னாளில் அமெரிக்கக் குடிமகளாகி நாசாவில் சேர்ந்தவர். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடத்தில் இறந்தார். துணிச்சலான பெண்களுக்கு அவர் பெயரில் நம் தமிழ்நாடு அரசு விருது தருகிறது. சுனிதா அமெரிக்காவிலேயே பிறந்தவர். அவர்கள்மேல் நமக்குப் பாசம் உண்டு. ஆனால் இந்தியா அனுப்பிய இந்தியர்கள் என்ற கணக்கில் இதுவரை சர்மா, சுக்லா என்று இருவர்தான். இரண்டையும் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்று: தள்ளிப்போவதையும் நடத்துங்கள். 2023 அக்டோபர் 21, சரஸ்வதி பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை. ராக்கெட்டில் கோளாறு வந்தால் வீரர்கள் இருக்கும் கூண்டை மட்டும் பிரித்துத் தூரமாகக் கொண்டுபோகும் அமைப்பை ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்தார்கள். பிள்ளைகளோடு மாடியில் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். 5 விநாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. "போச்சு சார்" என்று பாதிப் பேர் இட்லி சாப்பிடக் கீழே இறங்கிவிட்டார்கள். குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, 10 மணிக்கு அனுப்பினார்கள். கூண்டு பத்திரமாகக் கடலில் இறங்கியது. நின்று போவது தோல்வி இல்லை என்று அன்றைக்கு மாடியில் இருந்த நாலு பேருக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பையன் இப்போது பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறான். பட்டப்படிப்பு முடித்து மறுபடி விமானப்படைக்கு எழுதுவேன் என்கிறான். எழுதட்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கரும்பலகையில் மூன்று பத்தி போடுவது அவன்தான். இரண்டாவது பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுகிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று. எனக்கு அன்றைக்குச் செய்தித்தாள் துண்டு கொண்டுவந்து காட்டிய அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. யார் மூலமாவது இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அம்மா, உன் விடை சரி. கேள்வி கேட்ட எனக்குத்தான் விடை தெரியவில்லை. முதல் பரிசு உன்னுடையது. டிபன் பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: ராகேஷ் சர்மாவோடு பயிற்சி எடுத்தவர் யார்? என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநின்றவூர்.